விழுப்புரம் கிடாரும் திண்டிவனம் கிடாரும்

மின்சாரக் கிடார் செய்து விற்கிறவனுக்கு வாங்க வருகிறவரால் ஒரு தொல்லையும் கிடையாது. அவருக்குத் துணையாக வருகிறாரே, அவரால்தான் எல்லாத் தொல்லையும்.

புடவைக் கடையோ பாத்திரக் கடையோ வைத்துக் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். துணைக்கு வந்தவருக்குச் சரக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வெறுமனே வந்து போனதாக இருக்கக் கூடாது என்று ஏதாவது ஒரு குறை சொல்லியே தீருவார். அறுபதுகளில் விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த என் ரேடியோ ரிப்பேர் கடையை நான் கிடார் கடையாக மாற்றினேன். எனக்குத் தெரிந்து தென்னாற்காடு ஜில்லாவில் அப்போது கையால் மின்சாரக் கிடார் செய்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் திண்டிவனத்தில் ஆர்மோனியப் பெட்டி செய்துகொண்டிருந்த காதர் பாய். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர் போதாதா? வருகிறவர்கள் எல்லாம் அதே வேலையாகத்தான் இருந்தார்கள்.

இதில் எனக்கு ஒரு நெருக்கடியும் இருந்தது. ரேடியோ ரிப்பேரை நான் விட்டுவிட்டது என் மனைவியின் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அவர் கடலூரில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். கிடாரை மூட்டை கட்டிவிட்டுத் தன் கடைக்கு ஆம்ப்ளிஃபயர் பார்க்க வந்துவிடு என்று பிடித்துக்கொண்டார். ஏதாவது ஒரு பெரிய இசைக்குழு என் கிடாரை வாங்கட்டும், வாங்காவிட்டால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஷாக்கும் டோனும்

என் முதல் கிடாரை வாங்கியவர் எட்வின். ரயில்வே காலனியில் இருந்த எஞ்சின் டிரைவர். சனிக்கிழமைகளில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடக்கும் டான்ஸுக்குக் கிடார் வாசிப்பவர். அவரிடம் இருந்தது சாதாரணக் கிடார். நாலு ஜோடி எழுந்து ஆடத் தொடங்கினால் பூட்ஸ் சத்தத்தில் கிடார் காணாமல் போய்விடும். மின்சாரக் கிடார் வேண்டும் என்று வந்து, என் கடைத் தரையில் சாக்பீஸால் படம் வரைந்து காட்டினார். நான் அதுவரை அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. பண்ருட்டியிலிருந்து நன்றாகக் காய்ந்த பலாப் பலகை வாங்கி வந்து அறுத்தேன். பழைய ஹெட்போனிலிருந்து காந்தம் எடுத்து, மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிய காயிலுக்குள் வைத்தேன். மேலே தந்தி அதிர்ந்தால் காயிலில் துளி மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும். அந்தக் காயில் எப்படி அமைகிறதோ அப்படித்தான் கிடாரின் குரலும்.

முதல் நாள் இன்ஸ்டிட்யூட் வாசலில் நின்று கேட்டேன். வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக, இனிப்பாக வந்தது சத்தம். நானா செய்தேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. பாதிப் பாட்டில் எட்வின் பாடுவதற்காக மைக்கிடம் வாயைக் கொண்டுபோனார். உதட்டில் பளீரென்று ஷாக் அடித்தது. அவர் துள்ளிய துள்ளலை ஆடுகிறவர்கள் புது ஸ்டெப் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நான் ஸ்க்ரூடிரைவரோடு மேடைக்கு ஓடினேன். எர்த் ஒயரில் ஏதோ கோளாறு, ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம். எட்வின் கிடாரைக் கொடுக்கவே இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்: “ஷாக் அடிச்சா அடிக்கட்டும் மேன், டோன்ல மட்டும் கை வெச்சுடாதே.”

ஓட்டை இல்லாத கிடார்

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு கரும்பு விவசாயி தன் மருமகனோடு வந்தார். வாங்குகிறவர் மருமகன். துணைக்கு வந்தவர் மாமனார். மருமகன் வாசித்துப் பார்த்துச் சொக்கிப் போய் உட்கார்ந்திருந்தார். மாமனார் கிடாரைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். சாதாரணக் கிடார் என்றால் நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும், உள்ளே கூடாக இருக்கும். இது கெட்டிப் பலகை. ஓட்டை எங்கே என்று கேட்டார்.

நானும் காந்தம், காயில், ஆம்ப்ளிஃபயர் என்று ஆரம்பித்து, சத்தம் காற்றில் வரவில்லை, கம்பி வழியாக வருகிறது, ஆகையால் ஓட்டையே தேவையில்லை என்று நெற்றி வியர்க்க விளக்கினேன். சர்க்கரை ஆலை அதிகாரி பேசுவதைக் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் புரிந்ததா என்று கேட்டேன். புரிந்தது என்று தலையாட்டிவிட்டுக் கேட்டார்: “ஓட்டை போடுற வேலை ஒங்களுக்கு மிச்சந்தானுங்களே, அதுக்கு எவ்ளோ தள்ளிக் குடுப்பீங்க?”

ரவிக்கை மிஷின்

கிடாரின் குரல் காயிலில் இருக்கிறது என்றேன். அந்தக் காயிலைச் சுற்றியது என் மனைவி சரோஜா. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது. நான் சுற்றினால் பாதியில் அறுந்துவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவேன். ஒரு நாள் முழுக்க என் திட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து கம்பி உருளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றுகிற இடம் ஒன்று உண்டு அல்லவா, அதில் காயில் கட்டையை மாட்டினாள். கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு ஒரே சீராக மிதித்தாள். இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும், விட்டுப் பிடித்தால் தொளதொளத்துவிடும். இரண்டும் இல்லாமல் அவள் கையில் அது சாதுவாக ஏறி உட்கார்ந்தது. எட்வின் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாரே, அந்த டோன் இந்த மிஷினில் பிறந்ததுதான்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் பக்கத்து வீட்டு அம்மாள் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றார். சரோஜா மிதித்துக்கொண்டே இருக்கிறாள், மிஷினில் ஊசியும் இல்லை, துணியும் இல்லை. அந்த அம்மாள் குழம்பிப் போய் இது என்ன தையல் என்று கேட்டார். சரோஜா மிதியை நிறுத்தாமல் சொன்னாள்: “ரவிக்கை தைக்கத்தான் இந்த மிஷினை வாங்கித் தரச் சொன்னேங்க்கா. இப்போ ரவிக்கையைத் தவிர எல்லா வேலையும் பண்ணிக்கினு கீது.”

நயினார் வீட்டுக் கிடார்

செஞ்சிப் பக்கத்தில் நிலபுலனும் நெல் வியாபாரமும் உள்ள ஒரு ஜைனக் குடும்பம். பெரியவரை ஊரில் நயினார் என்றுதான் சொல்வார்கள். தம்பிக்குக் கிடார் ஆசை என்று அவரே கூட்டிக்கொண்டு வந்தார். நிறம் பார்க்கவில்லை, சத்தம் கேட்கவில்லை. இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டார். பலா, ஈட்டி மரம், பித்தளை என்று பெருமையாக அடுக்கிக்கொண்டே வந்து, ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் என்றேன். அது தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. தந்திகள் ஏறி உட்காருகிற மேல்கட்டை எலும்பு. இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

வந்த ஆளை விடுவேனா? அவகாசம் கேட்டு வாங்கி, மாமிசம் எதுவும் சேராத கிடார் ஒன்றை முதலிலிருந்து செய்தேன். வஜ்ஜிரத்துக்குப் பதில் புதிதாக வந்திருந்த வெள்ளைப் பசை. எலும்புக் கட்டைக்குப் பதில் பித்தளையை அரத்தில் ராவிச் செய்த கட்டை. தந்தி ஏற்றித் தட்டினால், சத்தம் முன்னைக்கு இப்போது தெளிவாகக் கணகணவென்று வந்தது. இந்தப் பித்தளையை விடக் கூடாது என்று மனசில் போட்டுக்கொண்டேன். நயினார் வந்து கிடாரை முகர்ந்துகூடப் பார்த்தார். திருப்தி. தம்பியின் தோளில் நானே மாட்டிவிட்டேன். அவ்வளவு யோசித்துச் செய்தவன், மாட்டுகிற வார் தோல் என்பதை மறந்துபோயிருந்தேன். நயினார் அதை இரண்டு விரலால் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் சரிங்க. இந்த வாரை மட்டும் நீங்களே வெச்சிக்குங்க, எங்க வீட்ல பருத்திக் கயிறு கீது.”

குறை தேடியது

பொம்மையார்பாளையத்திலிருந்து ஒருவர் காதர் பாய் செய்த கிடாரைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது, பற்ற வைக்க வேண்டும். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். பாயின் சரக்கு என் கையில் சிக்கியது அதுதான் முதல் தடவை. குறை கண்டுபிடிக்காமல் அனுப்புவதில்லை என்று உட்கார்ந்தேன். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் நகத்தை வைத்து இடுக்கு தேடினேன். இடுக்கு இல்லை. விரல் ஓடுகிற பக்கத்தில் பித்தளைக் கம்பிகளின் முனை உரசுகிறதா என்று தடவினேன். வழுக்கிக்கொண்டு போனது. சிவப்புப் பாலிஷில் என் முகமே தெரிந்தது, அதில் பொறாமையும் தெரிந்தது. நான் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கிற இடங்களை எல்லாம் அந்த மனிதர் எதுவும் அடைக்காமல் அப்படியே காட்டியிருந்தார்.

மரவேலை பரவாயில்லை என்று சொல்லி வைத்தேன். கிடாரைக் கொண்டுவந்தவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். “இன்னாங்க, ஒயர் பத்த வெக்கக் குடுத்தா, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி பாத்துக்கினே கீறீங்க?”

புளியமரத்தில் கட்டிப் பார்த்தது

அந்தோணி மாஸ்டர் பாண்டிச்சேரியில் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், கோயில் திருவிழா எதுவானாலும் அவர் குழுதான். அவர் மின்சாரக் கிடார் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும், நான் எதிர்பார்த்த பெரிய இசைக்குழு இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் கிடாரை ஒப்பிடுகிற முறையே வேறு. அவருடைய ஜனங்கள் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கிறவர்கள் இல்லை. மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில், வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லையில் நின்றுகொண்டும், வண்டியில் போய்க்கொண்டும் கேட்கிறவர்கள். ஆகையால் அவரும் அப்படித்தான் கேட்பார். என்னையும் காதர் பாயையும் திண்டிவனத்துக்கு வரச் சொன்னார். ஒரு திருவிழாவுக்குப் புளியமரத்தில் கட்டியிருந்த குழாயில் இரண்டு கிடாரையும் இணைத்து, தன் குழுவில் ஒருவரை வாசிக்க விட்டுவிட்டு, எங்களை ஏரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போனார்.

என் வெல்லப்பாகு டோனைக் குழாய் அப்படியே விழுங்கிவிட்டது. கரையில் வந்து சேர்ந்தது ஏதோ முணுமுணுப்பு. பாயின் கிடார் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெளிவாக வந்தது. பாய் சிரிப்பை மறைக்கத் தொப்பியைச் சரி செய்துகொண்டு வானத்தைப் பார்த்தார். ஆனால் மேடைக்குத் திரும்பி வந்து பக்கத்தில் நின்று கேட்டபோது, பாயின் கிடார் காதைக் குத்துகிறது என்று மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். இரண்டு பேரையும் சரி செய்துகொண்டு அடுத்த திருவிழாவுக்கு வரச் சொல்லிவிட்டார். வாங்கினால் அன்றைக்குத்தான், அதற்குமேல் சென்னையில் போய் வாங்கிக்கொள்வேன் என்றும் சொன்னார். எனக்கு முகம் செத்துப்போயிருந்ததைப் பார்த்து ஆறுதலாகவோ என்னவோ, என் தோளில் கை வைத்தார். “ஒங்க கிடாரு கிட்ட வந்து கேட்டா அருமையா இருக்குது. ஜனங்க கிட்ட வரமாட்டாங்களே.”

படுதாவுக்கு அந்தப் பக்கம்

கடலூர் மச்சான் எனக்காக ஒரு மேஜையைத் துடைத்துப் போட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். நான் நயினார் கிடாரில் வைத்த மாதிரி பித்தளைக் கட்டையை வைத்தேன். சரோஜா சுற்றைக் குறைத்துப் புதுக் காயில் சுற்றினாள். காயிலைத் தந்தி முடிகிற பக்கமாகத் தள்ளிப் பதித்தேன். பாயின் தெளிவு வேண்டும், என் இனிப்பும் போகக் கூடாது. வேலை முடிந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அடுத்த திருவிழாவுக்குத் திண்டிவனம் போனால், மாஸ்டர் புதிதாக ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கிடார் ஊர் ஊராக பஸ்ஸில் போகும், அடிபடும், பாண்டிச்சேரி உப்புக் காற்றில் துரு ஏறும். சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிற ஆளிடம்தான் வாங்குவாராம். வாசிப்பவரை மேடையில் படுதாவுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார். ஏரிக்கரையில் நின்று முதலில் அவரவர் கிடார் எது என்று சொல்ல வேண்டும், சொல்லத் தெரியாதவர் கிடாரை வாங்கப்போவதில்லை. பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பெற்ற பிள்ளையை அடையாளம் கேட்கிறாரே என்றிருந்தது.

முதல் கிடார் ஒலித்தது. தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு, கரடுமுரடு இல்லாமல் குளுமையாகவும் இருந்தது. சாதித்துவிட்டேன் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது கிடாரும் மோசமில்லை, நன்றாகவே இனித்தது. பாயும் பாடுபட்டிருக்கிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். முதலாவது என்னுடையது என்றேன். பாய் உடனே, இரண்டாவது தன்னுடையது என்றார். எங்களுக்குள் தகராறே இல்லை. மாஸ்டர் சந்தோஷமாகக் கையை ஆட்டினார், படுதா விலகியது. மேடைக்கு நடந்து போனோம். முதலில் வாசித்த கிடாரை வாசிப்பவர் தூக்கிக் காட்டினார். சிவப்புப் பாலிஷ், பாயுடையது. இரண்டாவதாக வாசித்தது மஞ்சள் பலா, என்னுடையது.

கடலூர் மேஜை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்ல விஷயம் வெளியே வந்தது. பக்கத்தில் நின்று கேட்டால் விழுப்புரம்தான் என்று மாஸ்டர் சொன்னது பாய் மனசைக் குடைந்திருக்கிறது. மரத்தைப் பலாவுக்கு மாற்றி, காயிலில் சுற்றுக் கூட்டி, என் இனிப்பைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். நான் அவர் தெளிவைப் பிடிக்கப் பார்த்தேன். ஆசைப்பட்ட சத்தம் காதில் விழுந்ததும், அது நம்முடையதுதான் என்று இரண்டு பேருமே நம்பிவிட்டோம். மாஸ்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் சொந்தச் சரக்கு தெரியல. ஆனா நல்ல சரக்கு தெரியுது. ரெண்டையும் இங்கேயே வெச்சிட்டுப் போங்க, ரெண்டும் எனக்குத்தான்.”

வெறுங்கையோடு வீட்டுக்கு

பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடலூருக்குப் போக வேண்டியதில்லை என்பது ஒரு பக்கம். காதர் பாய் மாதிரி ஒரு கைவேலைக்காரர், மாஸ்டர் முன்னிலையில் என் கிடாரைக் கேட்டுவிட்டுத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடினாரே, அதைவிடப் பெரிய நற்சான்று யார் தரப்போகிறார்கள்? வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சரோஜாவிடம் முழுக்கச் சொன்னேன். நான் தவறாகச் சொன்ன பகுதியைக் கொஞ்சம் வேகமாகக் கடந்து, பாய் சொன்ன பகுதியை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

அவளுக்கும் சந்தோஷம்தான். அண்ணனுக்கு இன்றைக்கே சொல்லி அனுப்ப வேண்டும் என்றாள். அடுத்த கிடாருக்கான காயில் கட்டையை எடுத்து மிஷினில் மாட்டினாள். மிதியில் காலை வைத்தவள், மிதிக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நான் சுத்துன காயிலைக் கேட்டு, யாரோ பாய்க்கு அவருதுன்னு தோணிருக்குது. ஒரே வீட்ல கீற ஒங்களுக்குத் தோணலியே.”

அதற்குப் பிறகு எத்தனையோ கிடார்கள் செய்து விற்றேன், அவற்றின் பெருமையை யார் கேட்டாலும் நாள் முழுக்கச் சொல்வேன், கண்ணை மூடிக்கொண்டு எது உன்னுடையது என்று சொல்லச் சொன்னால் மட்டும் சரோஜாவைக் கூப்பிட்டுவிடுவேன்.